இழுத்தால் கழல வேண்டும்



நீங்கள் இப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை குளியல் துண்டைக் கழுத்தில் முடிந்துகொண்டு, இரண்டு கைகளையும் முன்னே நீட்டியபடி, கூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையே 'பறந்து' கொண்டிருக்கக்கூடும். நாம் அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். விருந்தாளி வந்தால் அழைத்துக் காட்டி மகிழ்கிறோம். நானும் அப்படித்தான் மகிழ்ந்திருந்தேன். அந்த மகிழ்ச்சி ஒரு நாள் எவ்வாறு நடுக்கமாக மாறியது என்பதையும், நெடுங்காலம் கழித்து அந்த நடுக்கத்திலிருந்து நான் கற்றுக்கொண்ட ஒரு சிறிய தையல் பாடத்தையும் உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

1998-ஆம் ஆண்டின் கோடை விடுமுறை அது. என் மகனுக்கு அப்போது ஏழு வயது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில்தான் தூர்தர்ஷனில் 'சக்திமான்' தொடர் தொடங்கியிருந்தது. முகேஷ் கன்னா நடித்த அந்த வீரர் ஒரு கையை உயர்த்திப் பம்பரம்போல் சுழன்று வானில் எழும்பும் காட்சி வந்துவிட்டால், எங்கள் தெருவில் ஒரு பிள்ளையையும் வெளியே பார்க்க முடியாது. இந்தி ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் கதை முழுவதும் புரிந்துவிடும். தொடர் முடிந்ததும் தெருவெங்கும் சிறுவர்கள் சுழன்றுகொண்டிருப்பார்கள்.

என் மகனுக்கு அது மட்டும் போதவில்லை. அவனுடைய நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் சூப்பர்மேன் படம் இருந்தது. முதுகில் சிவப்புத் துணி அலைபாய, மேகங்களுக்கு நடுவே பறக்கும் படம். சக்திமானுக்கு அந்தத் துணி கிடையாது. சூப்பர்மேனுக்குச் சுழலத் தெரியாது. இரண்டையும் சேர்த்துத் தனக்கென ஒரு வீரனை அவன் உருவாக்கிக்கொண்டான்.

"அம்மா, எனக்குப் பறக்கிற துணி வச்ச சட்டை தைச்சுத் தாங்கம்மா" என்று மூன்று நாட்கள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தான்.

அக்காலத்தில் நான் வீட்டிலேயே தையல் எந்திரம் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கையும், பெருநாள் வந்தால் பிள்ளைகளுக்குச் சட்டை பாவாடையும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் சவூதியில் இருந்தார். முந்தைய விடுமுறையில் அவர் கொண்டுவந்த துணிகளுள், இரத்தச் சிவப்பில் பளபளக்கும் சாட்டின் துணி ஒன்று பெட்டியின் அடியில் மிச்சமிருந்தது. அதை எடுத்து வெட்டினேன்.

சகோதரிகளே, அந்த உடையை நான் எப்படித் தைத்தேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனெனில் என் தவறுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வளர்கிற பிள்ளை, அடுத்த ஆண்டும் போடட்டும் என்று எண்ணிக் குதிகால் வரை நீளம் வைத்தேன். கிழியக்கூடாது என்று ஓரங்களை இரட்டையாக மடித்து அடித்தேன். கழுத்தில் கட்டுவதற்கு நைலான் நாடா வைத்து, அது பிய்ந்து வராதபடி மேலும் கீழும் நான்கு முறை எந்திரத்தை ஓட்டினேன். அவன் மேனியில் அதை அணிவித்து, முடிச்சை இறுக்கிவிட்டு, "இனி யானையைக் கட்டி இழுத்தாலும் அறாது" என்று என் மாமியிடம் பெருமை பேசினேன். என் தையலின் உறுதியைப் பற்றி நான் அடைந்த பெருமிதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாட்கள் கழித்து, அஸர் தொழுகைக்குச் சற்று முன்பு அது நிகழ்ந்தது. எங்கள் வீட்டு முற்றத்தில் மாடிக்குச் செல்லும் படிக்கட்டு உண்டு. அதன் பக்கச் சுவரில், ஆளுயரத்துக்கு மேலே, துணி காயப்போடும் கொடியைக் கட்டுவதற்காக ஓர் இரும்புக் கொக்கி அடித்திருந்தோம். என் மகன் ஐந்தாவது படியிலிருந்து குதிப்பதும், மீண்டும் ஏறுவதும், மீண்டும் குதிப்பதுமாக விளையாடிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் அவன் எழுப்பிய கூச்சல் அடுக்களையில் இருந்த எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

திடீரென்று அந்தக் கூச்சல் நின்றது.

விழுந்த சத்தம் இல்லை. அழுகை இல்லை. 'அம்மா' என்ற அழைப்பும் இல்லை. எதற்காக எழுந்து போனேன் என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. குதிக்கும் வேகத்தில் மேலே எழும்பிய துணியின் ஓரம் அந்தக் கொக்கியில் மாட்டியிருந்தது. பிள்ளை தொங்கிக்கொண்டிருந்தான். தரைக்கும் அவன் கால்விரல்களுக்கும் இடையே நான்கு விரற்கடை தூரம்தான். அவன் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கழுத்து நெரிபடும் பிள்ளையால் கத்த முடியாது என்பதை அன்றுதான் நான் அறிந்தேன்.

ஓடிப்போய் அவனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். நாடாவை அறுக்க முயன்றேன், அறவில்லை. பிய்க்க முயன்றேன், பிய்யவில்லை. அவ்வளவு நன்றாகத் தைத்திருந்தேன்! என் மாமி எந்திரத்தின் மேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துவந்து, நாடாவுக்கும் கழுத்துக்கும் இடையே விரலைக் கொடுத்து வெட்டினார்கள். பிள்ளை ஒரு முறை இருமி, மூச்சை இழுத்து, பிறகு ஓவென்று அழுதான். அந்த அழுகையைக் கேட்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்று நாங்கள் இருவரும் முற்றத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். அவன் கழுத்தைச் சுற்றிலும் பதிந்திருந்த சிவப்புக் கோடு மறையப் பத்து நாட்களாயின.

மாமி என்னைத் திட்டவில்லை. இரவு உணவு முடிந்த பிறகு ஒன்று மட்டும் சொன்னார்கள்: "பிள்ளைக்குத் தைக்கும்போது உறுதியை மட்டும் பார்த்தால் போதாதும்மா."

சவூதிக்கு நான் எழுதிய கடிதங்களில் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அவ்வளவு தொலைவில் இருப்பவரின் உறக்கத்தைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது அச்சம்தான். அடுத்த ஆண்டு அவர் விடுமுறையில் வந்தபோது, "அந்தச் சிவப்புத் துணியில் என்ன தைத்தாய்?" என்று இயல்பாகக் கேட்டார். சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை. மகனை அருகே அழைத்து, அவன் கழுத்தை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார். மாலையில் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கொக்கியைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தார்.

கொக்கி போய்விட்டது, இனி அச்சமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் குற்றம் கொக்கியினுடையதன்று. கொக்கி இல்லாவிட்டால் கதவின் தாழ்ப்பாள் இருக்கிறது. சன்னல் கம்பி இருக்கிறது. மிதிவண்டியின் சக்கரம் இருக்கிறது. இதை எனக்கு விளக்கியவள் என் தங்கையின் மகள். அவள் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில், ஏற்றுமதி ஆடைகளின் தரத்தைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன்பு என் கதையைக் கேட்டுவிட்டு, "பெரியம்மா, ஐரோப்பாவுக்குப் போகிற சின்னப் பிள்ளைகள் சட்டையில் கழுத்துப் பக்கம் கயிறு இருந்தால் எங்கள் மேசையைத் தாண்டியே போகாது" என்றாள்.

அமெரிக்காவில் விளையாட்டுத் திடல்களின் சறுக்கு மரங்களில், மேல்சட்டையின் கழுத்துக் கயிறு மாட்டிப் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். அதனால் அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-இல், பிள்ளைகளின் மேலாடைகளில் கழுத்திலும் தலைமூடியிலும் இழுகயிறு வைக்கக்கூடாது என்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஐரோப்பிய நாடுகள் 2004-இல் இதற்கெனத் தனித் தரவிதியே வகுத்தன. ஏழு வயது வரையிலான பிள்ளைகளின் ஆடையில் கழுத்துப் பகுதியில் கயிறே கூடாது என்கிறது அது. நான் நாடாவை நான்கு முறை அடித்து இறுக்கியதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்த அறிவு உலகில் இருந்திருக்கிறது. என் வீட்டு வாசலுக்குத்தான் அது வந்து சேரவில்லை.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். இசடோரா டங்கன் என்ற புகழ்பெற்ற நடனக் கலைஞர் 1927-இல் பிரான்சின் நீஸ் நகரில், கழுத்தில் சுற்றியிருந்த நீண்ட துணி காரின் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தார். ஸ்கூட்டரின் பின்னால் அமரும் நம் பெண்களின் துப்பட்டாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செய்திதான் நினைவுக்கு வருகிறது.

சென்ற ஆண்டு, என் மகனின் மகன், ஆறு வயதுப் பேரன், பள்ளியில் மாறுவேடப் போட்டி என்று வந்து நின்றான். "நன்னிமா, எனக்கு கேப் வச்ச டிரெஸ் வேணும்" என்றான். முதுகில் பறக்கும் துணியை இப்போது பிள்ளைகள் 'கேப்' என்றே சொல்கிறார்கள். என் மகன் உடனே, "அதெல்லாம் வேண்டாம். டாக்டர் வேடம் போடு, உழவர் வேடம் போடு" என்று அதட்டினான். சொல்லும்போதே அவன் கை தன் கழுத்தைத் தொட்டு மீண்டதை நான் கவனித்தேன். அவன் மறக்கவில்லை. எனக்கும் அதுவே சரியென்று பட்டது. பேரன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அரை மணி நேரம் கழித்து மாடிக்குப் போனேன். அங்கே பேரன், தன் தாயின் துப்பட்டாவைக் கழுத்தில் இரண்டு முடிச்சாக முடிந்துகொண்டு, கட்டிலின் மேலிருந்து குதித்துக்கொண்டிருந்தான்.

என் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. ஆனால் அந்தக் கணத்தில்தான் எனக்கு உண்மை விளங்கிற்று. நாம் மறுப்பதால் பிள்ளையின் ஆசை மறைந்துபோவதில்லை. நம் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு, நமக்குத் தெரியாத முடிச்சோடு அது போய்விடுகிறது. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பி உயரத்திலிருந்து குதித்த பிள்ளைகளைப் பற்றி அந்நாட்களில் நாளிதழ்களில் செய்திகள் வந்தன. அந்த நடிகரே திரையில் தோன்றி, இவ்வாறு செய்யாதீர்கள் என்று பிள்ளைகளுக்கு அறிவுரை சொன்னார். நாமும் வீட்டில் பிள்ளையிடம் பேசத்தான் வேண்டும். பேசிவிட்டு, அவன் கேட்டதை ஆபத்தில்லாமல் நாமே செய்து கொடுத்துவிடுவது மேல் அல்லவா?

மகனிடம் சொன்னேன்: "தம்பி, நான் தைக்கிறேன். ஆனால் உன்னைச் சோதிக்கச் சொல்வேன். உனக்கு நம்பிக்கை வந்தால் போடட்டும். இல்லாவிட்டால் நானே வெட்டிப் போட்டுவிடுகிறேன்." அவன் வெகு நேரம் யோசித்துவிட்டுத் தலையசைத்தான்.

இம்முறை வழுக்கும் சாட்டின் வேண்டாமென்று, சிவப்புப் பருத்திப் பாப்ளின் முக்கால் மீட்டர் வாங்கினேன். நைலானும் பாலியஸ்டரும் நெருப்புப் பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியக்கூடியதே; ஆகவே அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்ற நிபந்தனையையும் போட்டேன். தோளிலிருந்து 22 அங்குல நீளம். முழங்காலுக்குச் சற்று மேலேயே நின்றுவிடும், காலில் தட்டாது. மேலே 11 அங்குல அகலம், கீழே 30 அங்குலம். துணியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பிலிருந்து மேலே ஐந்தரையும் கீழே பதினைந்தும் குறித்து, சாய்கோடு போட்டு, ஓரத் தையலுக்கும் மேல் கீழ் மடிப்புக்கும் இடம் விட்டு வெட்டினால் போதும். கீழே விரிந்திருப்பதால் ஓடும்போது நன்றாகவே பறக்கும்.

கழுத்தில் நாடா இல்லை, முடிச்சு இல்லை, பொத்தானும் இல்லை. சட்டையின் இரு தோள்களிலும், துணியின் மேல் முனைகள் இரண்டிலும் வெல்க்ரோ வைத்துத் தைத்தேன். இந்த வெல்க்ரோவின் கதையும் சுவையானது. ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர், வெளியே உலவிவிட்டு வந்தபோது தம் நாயின் மேல் ஒட்டியிருந்த முட்காய்களை உருப்பெருக்கியில் பார்த்தாராம். அவற்றின் நுனியிலிருந்த நுண்ணிய கொக்கிகளைக் கண்டதிலிருந்தே இந்த எண்ணம் பிறந்தது. நம் ஊர் வரப்பில் நடந்தால் நாயுருவி சேலையில் ஒட்டிக்கொள்கிறதே, அதே வித்தைதான். கொக்கியால் வந்த துன்பத்துக்குக் கொக்கியாலேயே தீர்வு கிடைத்ததை எண்ணி வியந்தேன்.

இப்போது சோதனை. ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றுக்குப் பேரனின் சட்டையை அணிவித்து, பொத்தான்களைப் பூட்டி, துணியைத் தோள்களில் ஒட்டினேன். என் மகன் துணியின் கீழ் ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கினான். சட்டையும் அரிசியும் சேர்ந்தே மேலே எழும்பின! நான் வைத்திருந்தவை இரண்டு அங்குல நீளப் பட்டைகள். 'நன்றாக ஒட்டட்டும்' என்ற என் பழைய புத்தி என்னை அறியாமலேயே கையில் வந்திருந்தது. மகன் என்னைப் பார்த்தான். நான் பதில் சொல்லாமல் தையலைப் பிரித்து, பட்டைகளைப் பாதியாக்கித் தைத்தேன். அப்போதும் பை சற்று எழும்பிப் பிறகே கழன்றது. மூன்றாம் முறை, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெட்டினேன். மகன் தூக்கியதும் 'சர்' என்ற ஓசையுடன் துணி தனியே கையோடு வந்தது. அரிசிப் பை இருந்த இடத்திலேயே இருந்தது.

பேரன் கைதட்டிச் சிரித்தான். என் மகன் சிரிக்கவில்லை. மேலும் நான்கு முறை, முன்புறம், பக்கவாட்டு என்று வெவ்வேறு திசையில் இழுத்துப் பார்த்தான். பிறகுதான், "போடட்டும்மா" என்றான். அந்த ஒரு சொல்லில், நான் நெடுங்காலம் சுமந்திருந்த பாரம் இறங்கிற்று.

அன்றிரவு பேரனை மடியில் வைத்துக்கொண்டு அவனுக்கு ஒரு கதை சொன்னேன். ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் படைத்த சூப்பர்மேன் 1938-இல் அமெரிக்காவில் வெளிவந்தான். காகிதத்தில் வரைந்த உருவம் அசையாது அல்லவா? அது விரைந்து செல்வதுபோல் தோன்றுவதற்கு அந்தத் துணி ஓவியருக்கு உதவியது. ஆகவே துணியால் அவர் பறக்கவில்லை. பறப்பதாக நமக்குக் காட்டுவதற்கே துணி. "அப்போ துணி இல்லாமலும் பறப்பாரா?" என்று கேட்டான். "பறப்பார், ஆனால் நீ துணி இருந்தாலும் பறக்க மாட்டாய்" என்றேன். சற்று ஏமாற்றத்தோடு ஒப்புக்கொண்டான்.

2004-இல் வந்த 'தி இன்கிரெடிபிள்ஸ்' என்ற கார்ட்டூன் படத்தை மறுநாள் அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். அதில் வீரர்களுக்கு உடை தைக்கும் அம்மையார் ஒருவர், முதுகுத் துணி வைக்கவே முடியாது என்று பிடிவாதமாக மறுக்கிறார். ஏவுகணையிலும் மின்தூக்கியிலும் விமான எந்திரத்திலும் துணி சிக்கி மாண்ட வீரர்களை ஒவ்வொருவராக நினைவுகூர்கிறார். எல்லோரும் சிரிக்கும் காட்சி அது. எனக்கு அந்த அம்மையார் என் மாமியைப் போலவே தெரிந்தார்கள்.

கதைகளில்கூட அந்த வீரர்கள் சிலரின் உடை வீட்டில் தைக்கப்பட்டதே. சூப்பர்மேன் குழந்தையாக வந்தபோது சுற்றியிருந்த போர்வைகளிலிருந்து அவனை வளர்த்த தாய் உடை தைத்ததாகக் காமிக்ஸ் கதையில் வரும். நம் சமுதாயப் பெண்ணொருத்தியை நாயகியாகக் கொண்ட 'மிஸ் மார்வெல்' 2022-இல் தொலைத்தொடராக வந்தது. கமலா கான் என்ற அந்தச் சிறுமிக்கும் வீர உடையைக் கொடுப்பவர் அவளுடைய தாய்தான்.

போட்டியில் பேரனுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் மேடையிலிருந்து இறங்கும்போது பின்னால் வந்த பிள்ளை அவன் துணியை மிதித்துவிட்டான். 'சர்' என்று துணி கழன்று தரையில் விழுந்தது. பேரன் திரும்பிப் பார்த்து, அதை எடுத்துத் தோளில் ஒட்டிக்கொண்டு மீண்டும் ஓடினான். கூட்டத்தில் யாருக்கும் அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. நானும் என் மகனும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சகோதரிகளே! உங்கள் பிள்ளை கேட்டால் தைத்துக் கொடுங்கள். முழங்காலுக்கு மேல் நிற்கட்டும். கழுத்தைச் சுற்றாமல் தோளில் ஒட்டட்டும். பிள்ளைக்கு அணிவிக்கும் முன் அரிசிப் பைக்கு அணிவித்து இழுத்துப் பாருங்கள். அணிந்து விளையாடும்போது உங்கள் கண் அவன்மேல் இருக்கட்டும். உறங்கும் முன் கழற்றி வைத்துவிடுங்கள். இன்று உங்கள் வீட்டில் யாரேனும் துண்டைக் கழுத்தில் முடிந்துகொண்டு ஓடினால், இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு முதலில் போய் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு வாருங்கள்.